கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விசுவாசித்தால் கணக்குப் பார்க்கக் கூடாதா?

புவாங்கோக்_அப்பா | செவ்வாய், இரவு 11.52

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று தூக்கம் வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆட்குறைப்பில் என் வேலை போய்விட்டது. இங்கே சிங்கப்பூரில் ஒரே கிடங்கில் 16 வருடம், அதில் கடைசி 7 வருடம் சூப்பர்வைசர். எனக்கு 49 வயது. மனைவி ஒரு பாலர் பள்ளியில் பகுதி நேரமாகச் சமையல் செய்கிறாள். மகள் உயர்நிலை மூன்று, மகன் தொடக்கநிலை ஐந்து. பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலக் கிளம்பிப் போய் நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சபை மூப்பர் ஒருவர் வேதாகமத்தில் மத்தேயு 6-ஐ எடுத்துப் பேசினார். "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்." கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என் தோளைத் தட்டி, "என்ன தம்பி, முகம் வாடியிருக்கு? கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். நான் ஆமென் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போது என் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. ஆறு மாதத்துக்கு வரவு செலவு எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுத் தவணை மசேநிதி (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது. சம்பளம் நின்றால் சந்தாவும் நிற்கும், அப்புறம் இருப்பு எத்தனை மாதம் தாங்கும், துணைப்பாட வகுப்பை எப்போது நிறுத்துவது, எல்லாம் அதில் இருக்கிறது.

நேற்று ராத்திரி மனைவி சோற்றுக்கு அரிசி எடுத்தாள். டப்பாவின் அடியில் படி உரசுகிற சத்தம் ஹாலில் இருந்த எனக்குக் கேட்டது. அவளும் நான் கேட்டதைக் கவனித்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

என் கேள்வி இதுதான். அந்த நோட்டு அவிசுவாசமா? சமூக சேவை அலுவலகத்துக்குப் போய் அரசாங்கத்தின் காம்கேர் பண உதவி கேட்டால், தேவன் தருவார் என்று நான் நம்பவில்லை என்று ஆகுமா? இதை நான் மனதாரக் கேட்கிறேன்.

---

தேக்கா_அக்கா | புதன், காலை 6.10

தம்பி, முதலில் உங்களுக்காக ஜெபித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நோட்டு விஷயம். "கவலைப்படாதிருங்கள்" என்று சொன்ன அதே ஆண்டவர்தான் லூக்கா 14-இல், கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டார். கணக்கு வேறு, கவலை வேறு. எனக்கு இந்த வித்தியாசம் என் வீட்டுக்காரர் இறந்த வருடம்தான் புரிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்டை விரித்து எழுதினால் அது கணக்கு. அதே எண்களைப் பின்னிரவு மூன்று மணிக்கு இருட்டில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூட்டினால் அது கவலை. எண்கள் ஒன்றுதான். மூன்று மணிக்குக் கூட்டியதால் எனக்கு ஒரு வெள்ளிகூட மிச்சமானதில்லை.

அப்புறம், ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைப் பாருங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." ஆறு மாதத்துக்குத் தாரும் என்று இல்லை. நோட்டில் ஆறு மாதம் இருக்கட்டும், ஜெபத்தில் இன்றைக்கு மட்டும் கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். காலையில் எழுந்ததும் அன்றைக்கு என்னென்ன வேண்டும் என்று பேர் சொல்லிக் கேட்பேன். பஸ் கார்டில் காசு, மகனுக்குப் பள்ளிக் காலணி, இப்படி.

உதவி கேட்பதைப் பற்றி: தயங்காமல் போங்கள். வேலை இழந்தவர்களுக்கென்றே ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. மாதச் சம்பளம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு, ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தருகிறார்கள். உங்களுக்குப் பொருந்துமா என்று இன்றைக்கே பாருங்கள்.

---

அசையாத_விசுவாசம் | புதன், காலை 9.35

சகோதரரே, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஏசாயா 31-இல், சகாயத்துக்காக எகிப்துக்குப் போகிறவர்களுக்கு ஐயோ என்று வாசிக்கிறோம். நெருக்கம் வரும்போது முதலில் மனுஷனுடைய வாசலைத்தான் தட்டுகிறோம். எல்லா வாசலும் அடைத்த பிறகு தேவனிடம் வருகிறோம். அது சரியா?

ஜார்ஜ் முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிஸ்டல் நகரத்தில் 1836-இல் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு தொடங்கினார். கடைசி வரைக்கும் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தார். ஒரு மனிதரிடமும் பணம் கேட்டதில்லை, முழங்காலில் நின்றார், அவ்வளவுதான். நானும் 2020-இல் சம்பளம் பாதியாகக் குறைந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. தசமபாகத்தையும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) நிறுத்தவில்லை. ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை. இது என் சாட்சி. தேவனை முதலில் வைத்துப் பாருங்கள்.

---

ஓஃபிர்ரோடு_வாசகி | புதன், மதியம் 1.20

நான் கத்தோலிக்கப் பெண். ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து அன்னை ஆலயத்துக்குத்தான் என் தாத்தா காலத்திலிருந்து போகிறோம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-இல் கட்டிய கோயில் அது. அவர்கள் யாரும் வசதியோடு கப்பல் ஏறி வந்தவர்கள் இல்லை.

நான் வின்சென்ட் தே பவுல் சபை வழியாக வீடு வீடாகப் போகிறேன். எப்போதும் இரண்டு இரண்டு பேராகப் போவோம். இத்தனை வருடத்தில் நான் கண்ட பெரிய தடை பணத்தட்டுப்பாடு இல்லை, கதவு. உள்ளே ஆள் இருப்பது தெரியும், விளக்கு எரியும், மின்விசிறி ஓடும். ஆனால் திறக்க மாட்டார்கள். வெட்கம். ஒரு வீட்டில் மூன்றாவது தடவை போனபோதுதான் திறந்தார்கள். அந்த அம்மா முதலில் எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார், பால் இல்லாமல். "கடவுளைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன், உங்களை எப்படிக் கேட்கிறது" என்றார். நாங்கள் இரண்டு முறை அவர் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தோம்.

புவாங்கோக் அண்ணா, அசையாத விசுவாசம் அண்ணா யாரிடமும் சொல்லாமல் இருந்தார், அவருக்கு அது நடந்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதைப் பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சட்டமாக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

---

நெறியாளர் | புதன், மதியம் 2.05

இழை நல்லபடியாகப் போகிறது, நன்றி. யாரும் வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் பதிவிட வேண்டாம். உதவ விரும்புகிறவர்கள் தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள்.

---

ஓய்வு_தமிழாசிரியர் | புதன், இரவு 8.45

எகிப்து என்ற வார்த்தை வந்ததால் எழுதுகிறேன். ஏசாயா கண்டித்தது தேவனை விட்டுவிட்டுக் குதிரைகளையும் இரதங்களையும் நம்பிப் போர் உடன்படிக்கைக்குப் போனவர்களை. பசிக்கு எகிப்துக்குப் போனவர்களை யாரும் கண்டிக்கவில்லையே. யாக்கோபு தன் குமாரர்களைத் தானியம் வாங்க எகிப்துக்குத்தான் அனுப்பினார். அந்தத் தானியம் ஏழு வருடமாக ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுச் சேர்த்து வைத்தது. சேர்த்து வைத்தவர் யோசேப்பு. வேலை பார்வோனின் அலுவலகத்தில். குழந்தை இயேசுவுக்கும் ஏரோதிடமிருந்து அடைக்கலம் கிடைத்தது எகிப்தில்தான்.

எலியாவையும் பாருங்கள். கேரீத் ஆற்றண்டை அவரைப் போஷிக்கத் தேவன் கட்டளையிட்டது காகங்களுக்கு. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் காகம் தீட்டான பறவை. அதைச் சாப்பிடக் கூடாது என்பது கட்டளை. அதன் வாயிலிருந்து அப்பத்தையும் இறைச்சியையும் தீர்க்கதரிசி வாங்கிச் சாப்பிட வேண்டியிருந்தது. பிறகு அந்த ஆறும் வற்றிப்போயிற்று. தேவனே காட்டிய ஆறு அது. அவருடைய சித்தத்துக்குள் இருந்தபோதே வற்றியது. ஆட்குறைப்புக் கடிதம் கையில் வாங்கிய யாரும் இந்த வசனத்தில் கொஞ்ச நேரம் தங்க வேண்டும். அதற்கு அடுத்து எலியா போனது சீதோன் நாட்டுச் சாறிபாத்துக்கு. அங்கே ஒரு விதவையிடம் அவரே வாய் திறந்து கேட்கிறார்: கொஞ்சம் தண்ணீர், ஒரு துண்டு அப்பம். தீர்க்கதரிசியே கேட்டார் தம்பி. அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரு பிடி மாவு. அவள் இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று, தமிழாசிரியனாக. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் சொல்லும் சொல் ஆதியாகமம் 22-இலிருந்து வருகிறது. ஆபிரகாம் அந்த இடத்துக்கு யேகோவாயீரே என்று பேரிட்டான். எபிரெயத்தில் அந்தச் சொல்லுக்கு வேர் "காண்பது". நம் வேதாகமம் அதைப் "பார்த்துக்கொள்ளப்படும்" என்று மொழிபெயர்த்தது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமாக வேறு எப்படிச் சொல்வது! நம் வீட்டில் "பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்றால் கண்ணால் பார்த்துவிட்டுப் போ என்றா அர்த்தம்? சோறு ஊட்டு, மூக்கைத் துடை, விழாமல் பிடி, எல்லாம் அதில் அடங்கும். ஆகவே ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொல்கிறவர் முதலில் அவரைப் பார்க்க வேண்டும். மூப்பர் உங்கள் முகத்தைப் பார்த்தார், வாட்டத்தைக் கண்டுபிடித்தார். நல்லவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு மேல் பார்க்க அவருக்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

---

ஏஎம்கே_12வது_மாடி | வியாழன், இரவு 12.30

எல்லாரும் கிடைத்த கதையையே சொல்கிறீர்கள். கிடைக்காதவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். ஜெபித்தோம். உபவாசம் இருந்தோம். வேலை போனது, தவணை கட்ட முடியவில்லை, நாலறை வீட்டை விற்றோம். இப்போது ஓரறை வாடகை வீட்டில் இருக்கிறேன், தனியாக. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். "நான் தாழ்ச்சியடையேன்" என்று சங்கீதம் 23 பாடும்போது என் வாய் மட்டும் அசையும். விட்டுவிடவில்லை, ஞாயிறு தவறாமல் போகிறேன். ஆனால் ஆராதனையில் ஒருவர் எழுந்து, "தேவன் எனக்குப் புதுக் கார் தந்தார்" என்று சாட்சி சொல்லும்போது நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

---

தேக்கா_அக்கா | வியாழன், காலை 5.55

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பக்கத்தில் வந்து உட்காருகிற மாதிரி இரண்டு வரி மட்டும்.

பிலிப்பியர் 4:19-ஐ நாட்காட்டியிலும் சுவரிலும் போட்டு வைத்திருக்கிறோம், "உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்று. அதை எழுதின பவுல் அப்போது காவலில் இருந்தார். அதே ஆள்தான் கொரிந்தியருக்குப் பசியும் தாகமும் குளிரும் நிர்வாணமும் பட்டேன் என்று எழுதினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியுமா? ஆபகூக் அத்திமரம் துளிர்க்காமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் நின்றுகொண்டுதான் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்றார். மாடு திரும்பி வந்தது என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. நீங்கள் வாயை அசைத்துக்கொண்டு நிற்கிறீர்களே, அந்த இடத்திலிருந்து வந்த பாட்டு அது.

உங்களுக்குச் சம்மதமானால் தனிமடல் போடுங்கள். நானும் தனியாகத்தான் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து தேக்காவில் சேர்ந்து சாப்பிடலாம்.

அசையாத விசுவாசம் தம்பிக்கு: முல்லர் கணக்கை வரிக்கு வரி எழுதி வைத்து வருடா வருடம் அறிக்கை அச்சடித்தவர். அது அவருக்குக் கிடைத்த தனி அழைப்பு. அந்தப் பிள்ளைகள் சாப்பிட்ட ரொட்டியும் யாரோ ஒருவர் தேவ ஏவுதலால் கொடுத்த காசுதானே. கொடுத்தவர்களையும் சாட்சியில் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

துவாஸ்_தம்பி | வெள்ளி, இரவு 10.15

அண்ணன் அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் இருக்கிறேன், ஊர் ராமநாதபுரம் பக்கம். ஓவர்டைம் முடிந்து இப்போதுதான் முழுசாகப் படித்தேன்.

எங்கள் ஊர்ச் சபையில் பெண்கள் உலை வைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஒவ்வொரு வேளையும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஒரே சாக்கில் கொட்டுவார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. அம்மாவும் போடுவாங்க, நான் சின்னப் பிள்ளையில் அந்தக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு போவேன்.

எனக்கு 11 வயதில் அப்பா இறந்துவிட்டார். அடுத்த வாரம் போதகர் ஐயா அந்தச் சாக்கை எங்கள் வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்தார். இரண்டு மாதம் அந்த அரிசிதான். அதில் எல்லா வீட்டு அரிசியும் இருக்கும். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, சிவப்பரிசி, எல்லாம் கலந்து. ஒன்று போல வேகாது. கொஞ்சம் குழைந்து போகும், கொஞ்சம் விறைப்பாக நிற்கும். தங்கச்சி முகம் சுளிப்பாள். அம்மா முறத்தில் புடைக்கும்போது பருக்கையைப் பார்த்தே, இது இன்னார் வீட்டு அரிசி, இது இன்னார் வீடு என்று சொல்லுவாங்க. ஒரு நாள், "இது நம்ம போட்டது" என்று சொல்லிவிட்டு முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாங்க.

தேவன் தருவார் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கலப்புச் சோறுதான் ஞாபகத்துக்கு வரும். இப்போது நான் மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறேன், அம்மா இன்னும் கலயத்தில் போட்டுக்கொண்டிருக்காங்க.

புவாங்கோக் அண்ணா, பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அப்பா இறந்தபோது வீட்டில் காசு இல்லை என்று அம்மா எங்களிடம் சொன்னாங்க. நாங்களும் சேர்ந்து ஜெபித்தோம். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தச் சாக்கு ஏன் வந்தது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

---

அசையாத_விசுவாசம் | சனி, காலை 7.40

துவாஸ் தம்பி, உன் அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லு.

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். 2020-இல் நான் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் அந்த மூன்று மாதமும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா வாரம் இரண்டு முறை சமைத்ததில் ஒரு பங்கு கொண்டுவந்து கதவுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். "நிறையச் சமைத்துவிட்டேன்" என்பார். நான் அதை என் சாட்சியில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆசிரியர் ஐயா எழுதிய காகத்தைப் படித்த பிறகுதான் நினைவு வந்தது.

தேவனை முதலில் தேட வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. மத்தேயு 6:33 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எகிப்து என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் சகோதரரே. 12வது மாடி அம்மாவிடமும்.

---

புவாங்கோக்_அப்பா | மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 10.05

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாப் பதிவையும் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம்.

அந்தச் சனிக்கிழமையே பிள்ளைகளிடம் சொன்னேன். மகன், "அப்ப நீங்க எங்க போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டான். நூலகம் என்றேன். "நானும் லீவுல வர்றேன்" என்றான். மகள் எழுந்து போய்த் துணைப்பாட ஆசிரியருக்கு அவளே செய்தி அனுப்பிவிட்டாள். அதை நான் செய்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை சமூக சேவை அலுவலகத்துக்குப் போனேன். வங்கி அறிக்கை, மசேநிதி அறிக்கை, வேலை நீக்கக் கடிதம் எல்லாம் கேட்டார்கள். என் நோட்டில் எல்லாம் தயாராக இருந்ததால் அரை மணி நேரத்தில் முடிந்தது. வீட்டுத் தவணை பற்றி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கிளையிலும் பேசியிருக்கிறேன். வாரத்தில் மூன்று ராத்திரி பார்சல் பிரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் போகிறேன்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்டபோது எழுந்து சொன்னேன். குரல் நடுங்கியது. மறுநாள் மாலை கதவு தட்டும் சத்தம். மூப்பர் நிற்கிறார், 74 வயது. சந்தைக்கு இழுத்துப் போகிற சக்கரப் பையில் 10 கிலோ அரிசி மூட்டை. மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்குகிறது. "ஆமென்னு சொல்லிட்டுப் போயிட்டியே தம்பி, எனக்கு எப்படித் தெரியும்?" என்று கோபப்பட்டார். பிறகு சோபாவில் உட்கார்ந்து அவர் கதையைச் சொன்னார். 1985 பொருளாதார மந்தநிலையில் அவருக்கும் கப்பல் பட்டறையில் வேலை போயிருக்கிறது. அப்போது சபையில் ஒரு பெரியவர் அவரிடம் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாலு மாதமும் சனிக்கிழமை தோறும் ஒரு மீனைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாராம். சில வாரம் மத்தி. "அந்த வார்த்தையை நான் அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்" என்றார்.

அவர் போன பிறகு மனைவி அரிசியை டப்பாவில் கொட்டினாள். கொட்டி முடித்துவிட்டு ஒரு பிடி எடுத்து, காலி மைலோ டின் ஒன்றில் போட்டாள். துவாஸ் தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து போட வேண்டும் என்று இருந்தாளாம், டப்பா நிறையட்டும் என்று காத்திருந்தாளாம்.

முழு நேர வேலை இன்னும் கிடைக்கவில்லை. இந்த வியாழக்கிழமை காலை பத்தரைக்குச் சாங்கி பக்கம் ஒரு நேர்முகம். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

---

ஏஎம்கே_12வது_மாடி | திங்கள், இரவு 11.20

நினைத்துக்கொள்கிறேன் தம்பி. தேக்கா அக்காவும் நானும் ஞாயிறு சந்தித்தோம். உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

---

துவாஸ்_தம்பி | செவ்வாய், காலை 5.30

அண்ணா, பத்தரைக்கு எங்களுக்கு டீ பிரேக். பத்து நிமிஷம் இருக்கும். லாரி நிழலில் நின்று ஜெபிக்கிறேன். முடிந்ததும் இங்கே எழுதுங்கள், என்ன ஆனாலும்.